முதல் தட்டிலேயே பாடியது

என் தொழிலை இதுவரை ஒருவருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை என்று சொன்னால், கண்டியில் பாதிப் பேர் ஏதோ திருட்டு வேலை என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் வேலையே இல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் நான் பழசு தேடுகிறவள். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, ‘இதை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம், வேறு யாரும் செய்யக்கூடாது’ என்று பேட்டன்ட் வாங்கிவிடும். இன்னொருவருக்கு அது தொண்டையில் முள்ளாகக் குத்தும். முள்ளை எடுக்க வேண்டுமென்றால், பேட்டன்டுக்கு விண்ணப்பித்த தேதிக்கு முன்னாலேயே அந்த விஷயம் வெளியில் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். பழைய சஞ்சிகை, யாரும் வாசிக்காத ஆய்வுக் கட்டுரை, ஏதாவது மெஷினோடு வந்த கைநூல், எதுவானாலும் சரி. சாமான் ஓடியிருக்க வேண்டும் என்று கூட இல்லை. அதை எப்படிச் செய்வது என்று நாலு பேர் கையில் கிடைக்கும்படி எழுதியிருந்தாலே போதும். அந்தக் கடதாசியைத் தோண்டி எடுத்துக் கொடுப்பதற்குக் கொழும்பில் ஒரு அலுவலகம் எனக்குச் சம்பளம் தருகிறது.

மற்றவர்களின் பழசைக் கிளறி எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. என் பழசே ஒன்று மேலே மிதந்து வந்த அந்த வருடம் மட்டும், ஒரு கதிரையில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் போயிற்று.

அது அக்குறணையிலிருந்து வந்தது. கொண்டு வந்தவரும் நானும் ஒரு காலத்தில் கண்டி டவுனில், ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஒன்றாகப் படிப்பித்தவர்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அண்ணன் முறையில் அவரை நான் நானா என்பேன், அவர் தங்கச்சி என்பார். வகுப்பு மூடப்பட்ட பிறகு அவர் அக்குறணையில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு பட்டறை தொடங்கினார். அங்கே ஒரு பெட்டி செய்கிறார்கள். பேக்கரியில் வாங்கும் இரண்டு இறாத்தல் பாண் அளவுதான் இருக்கும். கோயிலிலோ பள்ளிவாசலிலோ சேர்ச்சிலோ அதை ஆம்பிளிஃபயரோடு கொழுவிவிட்டால், கையிலிருக்கும் ஃபோனைத் தட்டி வேண்டிய பாட்டை, பயான் பேச்சை, ஜெபத்தை ஒலிக்க வைக்கலாம். ஏழு பேர் அங்கே வேலை செய்தார்கள். அதில் மூன்று பேர் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். கொழுந்து பறிக்கப் போகமாட்டோம் என்று வீட்டில் சண்டை பிடித்து, இரண்டு பஸ் மாறி வந்து வயர் பற்றவைக்கிறவர்கள்.

ஐரோப்பாவில் ஒரு தமிழ்க் கடைக்காரர் இந்தப் பெட்டிகளை வாங்கி அங்குள்ள கோயில்களுக்கு விற்று வந்தார். பட்டறையில் செய்யும் பெட்டியில் முக்கால்வாசி அவருக்குத்தான். அங்கேயுள்ள ஒரு பெரிய கம்பெனி அவருக்கும் நானாவுக்கும் கடிதம் அனுப்பியது. தூரத்திலிருந்து பாட்டை இயக்கும் முறை எங்கள் பேட்டன்டில் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று. கடைக்காரர் ஆர்டர்களை நிறுத்தினார். ஆனால் மனுஷர் பயந்து ஓடவில்லை. ஒரு வக்கீலைப் பிடித்து, அந்தப் பேட்டன்டே செல்லாது என்று ஆட்சேபம் போட வைத்தார்.

நானா ஒரு மழைப் பகலில் கடிதத்தை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தார்.

“தங்கச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. நாங்க களவெடுத்தீக்கமாம்.”

பேட்டன்டை வாசித்தேன். முப்பது பக்கம். சாரத்தைப் பிழிந்தால் இவ்வளவுதான்: பாட்டு ஓரிடத்தில் இருக்கும், அதை ஒலிக்கும் கருவி இன்னோரிடத்தில் இருக்கும், கட்டளையிடும் கருவி கையில் இருக்கும். கையிலிருப்பது பாட்டைச் சுமப்பதில்லை, ‘அதை எடுத்துப் பாடு’ என்று மட்டும் சொல்லும். சொன்ன பிறகு கைக்கருவியை அணைத்தாலும் பாட்டு நிற்காது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் அவர்கள் தங்கள் பெரிய கண்டுபிடிப்பு என்று தலையில் வைத்துக் கூத்தாடினார்கள்.

இதை அப்படியே நானாவுக்குச் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். “இது நம்மட கோயில் வேலதானே! ஐயாட கையில குடுத்தமே, மொத தட்டுலயே பாடிச்சே!”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முதல் பக்கத்துக்குப் புரட்டி, விண்ணப்பத் தேதியைத் தேடினேன்.

ஏன் என்று கோயில் கதையைச் சொன்னால்தான் புரியும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சின்ன முருகன் கோயில். அங்கே பூசை செய்த ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், ஆசாரத்தில் கறார். குளித்து ஈரம் காயாமல் உள்ளே போனால், பூசை முடியும்வரை வெளிச்சாமான் எதையும் தொடமாட்டார். பாட்டுகளோ அலுவலக அறையிலிருந்த கம்ப்யூட்டரில். அதன் கீபோர்டில் பரிபாலன சபைக்காரர்கள் வடையைத் தின்றுகொண்டே தட்டுவார்கள், ஐயா அதைத் தொடுவாரா? மூலஸ்தான வாசலில் நின்று, “அடுத்ததைப் போடுங்கோ!” என்று கத்துவார். அலுவலகத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கைக்கு வந்ததைப் போடுவார்கள். ஒரு கார்த்திகை அபிஷேகத்தின்போது சினிமாக் காதல் பாட்டு ஒன்று முழுதாக ஓடி, பால் குடத்தோடு நின்ற சனம் சிரித்த பிறகுதான் சபையில் பேச்சு எழுந்தது.

நான் அந்தக் கோயிலுக்குப் போகிறவள். நானாவிடம் சொன்னேன். அவருடைய மச்சான் ரியாத்திலிருந்து கொண்டு வந்த கைக்கணினி ஒன்று சும்மா கிடந்தது, குச்சியால் தட்டுகிற பழைய வகை. அதை ஐயாவுக்கென்றே ஒதுக்கி, துடைத்து, சாமியறையில் வைத்துவிடலாம், வேறு கை படாது. மண்டபத்தில் ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஐயா குச்சியால் தட்டினால் மண்டபத்துக் கம்ப்யூட்டர் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை இழுத்துப் பாடும். புரோகிராம் முழுவதையும் நானாதான் எழுதினார். நோன்பு காலத்திலும் வகுப்பு முடிந்து வந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கூரைக்கடியில் வயர் இழுத்தார். ஒரு சதம் கேட்கவில்லை.

வேலை முடியவில்லை. ஆனால் சபைக்காரர் பஞ்சாங்கம் பார்த்துவிட்டார்கள். நம் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். வீட்டுக்குக் கதவு நிலை வைக்காவிட்டாலும் நாள் வந்துவிட்டால் பால் காய்ச்சிவிடுவோம். கடையில் சாமான் இல்லாவிட்டாலும் குத்துவிளக்கை ஏற்றிவிடுவோம். நாள்தான் முக்கியம், வேலை பிறகு நடக்கும். தை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி நேரம் முகூர்த்தம். நோட்டீஸும் அடித்துக் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை உச்சி என்றால் நானாவுக்கு ஜும்ஆத் தொழுகை. அதை யாரும் யோசிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதல் நாள் ஓரளவு ஓடிய சாமான் அன்று காலை ஓடவில்லை. வாழை மரம் கட்டுகிறோம் என்று யாரோ மண்டபத்துக் கம்ப்யூட்டரை இடம் மாற்றி, வயரைக் கழற்றி எங்கேயோ செருகியிருந்தார்கள். நானா வியர்த்து விறுவிறுக்க எதையோ திருத்தி, “இப்ப சரி தங்கச்சி, ஓடும்” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். அவர் போனதும் நான் தட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. இன்னொரு தடவை. ஊஹூம். வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. போட்டோக்காரர் லைட்டைப் பிடித்துவிட்டார்.

நான் பட்டுச் சேலையோடு மண்டபத் திரைக்குப் பின்னால் போய், ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்திலிருந்த சீடி பிளேயரில் ஒரு தட்டைப் போட்டேன். ஐயா மணியடித்துவிட்டுக் கைக்கணினியைத் தட்டினார். நான் பொத்தானை அழுத்தினேன். பாட்டு வந்தது. சனம் அரோகரா என்றது.

பள்ளியிலிருந்து திரும்பி வந்த நானா வாசலில் நின்றே, “ஓடிச்சா?” என்று கேட்டார். வெயிலில் ஓடி வந்த அந்த முகத்தைப் பார்த்து நான், “முதல் தட்டிலேயே பாடிச்சு நானா” என்றேன். அடுத்த வாரம் அவருடைய தங்கையின் கல்யாணம், அவருக்குக் கோயில் பக்கம் வர நேரமில்லை. வயர் கழன்றுவிட்டது, திருத்தும்வரை சீடியைப் போடுங்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டு, நான் தினமும் மத்தியானம் போய்க் கிண்டினேன். பதினெட்டாம் நாள்தான் பிழை அகப்பட்டது. மண்டபத்துக் கம்ப்யூட்டர் பழைய முகவரியிலேயே பாட்டைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு இலக்கத்தை மாற்றினேன், அதற்குப் பிறகு அது பல வருடம் பிசகாமல் ஓடியது. அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் வெட்கம், பிறகு சொல்ல நேரம் வரவில்லை, பிறகு அவர் அந்தக் கதையை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். பட்டறைக்கு வரும் ஆள் எவரானாலும் தேத்தண்ணீரோடு அதுவும் கிடைக்கும்.

இப்போது தேதியைக் கேளுங்கள். அந்தக் கம்பெனி பேட்டன்டுக்கு விண்ணப்பித்தது, கோயில் தொடக்க விழாவுக்குப் பதினொரு நாள் கழித்து. சாமான் உண்மையில் ஓடியதற்கு ஒரு வாரம் முன்னால்.

நானா சொல்வது உண்மையென்றால் பேட்டன்ட் விழும். எனக்குத் தெரிந்தது உண்மையென்றால் கோயில் கதையால் ஒரு பிரயோசனமும் இல்லை, பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அந்த மூன்று பெண்களும் திரும்பக் கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

நான் வேறு வழி தேடினேன். மூன்று மாதம் பேய் பிடித்தவள் மாதிரித் தேடினேன். மூன்று நல்ல பழைய கட்டுரைகள் கிடைத்தன. பாட்டு ஓரிடம், ஒலி ஓரிடம், கட்டளை ஓரிடம் என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. கைக்கருவியை அணைத்தாலும் பாட்டு நிற்காது என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை. கட்டிலுக்கு மூன்று கால் கிடைத்து நாலாவது கிடைக்காத கதை.

கடைக்காரரின் வக்கீல் கேமரா வழியாகப் பேசினார். கோயில் கதையை நானா அவரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். போட்டோவும் அனுப்பிவிட்டார். ஐயா கையில் கைக்கணினி, அதில் சந்தனமும் குங்குமப் பொட்டும், பின்னால் திரை, மேலே விழாத் தேதி எழுதிய பதாகை. வக்கீலுக்கு வாயெல்லாம் பல். “நீங்கள் அங்கே இருந்தீர்கள். அவர் தட்டினார், பாட்டு வந்தது, நீங்கள் கண்டீர்கள். ஒரு சத்தியக்கடதாசி போதும்” என்றார்.

அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை. கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினேன். வாவியைச் சுற்றி ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாவியை வைத்த கையோடு திரும்பவும் போனேன். ஒரு நாள் வத்தேகமைக்குப் போக வேண்டியவள் பஸ் பெயரைப் பார்க்காமல் ஏறி, தெல்தெனியாவில் போய் இறங்கினேன். இறங்கிய பிறகும் ஏன் இந்த ஊர் இப்படி இருக்கிறது என்று அதன் மேல்தான் கோபப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் மாநகர சபையில் கிளார்க். பொய் சான்றிதழ், மெய் சான்றிதழ் எல்லாம் பார்த்துக் கண் பழுத்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணி வைக்கலாம்னு சொல்றாங்க. நீ ஒரே ஒரு பொய்யச் சொல்லி ஏழு பேருக்குச் சோறு போடேன். என்ன கொறஞ்சு போகுது?” என்றார்.

“கல்யாணப் பொய்க்கு யாரும் சத்தியக்கடதாசி கேக்கிறதில்லீங்க.”

“அப்ப நானாகிட்டச் சொல்லிடு.”

“அதுக்குப் பொய்யே சொல்லிடலாம்” என்றேன். அதுதான் நிஜம். சட்டத்துக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. பட்டறைக்குப் போய் அந்த மனுஷர் முகத்துக்கு நேரே, உங்கள் முதல் வேலை ஓடவேயில்லை என்று சொல்வதுதான் என்னால் ஆகாத காரியமாக இருந்தது.

அன்று மாலை அந்தப் போட்டோவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்காமல் இருந்திருக்கலாம். திரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதில் இரண்டு கால். பட்டுச் சேலைக் கரை, மெட்டி, எல்லாம் தெளிவாக. என் கால்தான். போட்டோவைச் சட்டென்று மூடினேன்.

இருந்தும் போனேன். மகியாவையில் ஒரு சமாதான நீதவான் இருக்கிறார், ஓய்வு பெற்ற அதிபர். வக்கீல் அனுப்பிய கடதாசியை அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி முழுவதையும் வாசித்தார். பிறகு முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, “இதில சொன்னதெல்லாம் உண்மைன்னு சாமிக்குப் பொதுவாச் சொல்றீங்களாம்மா?” என்று கேட்டார். அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன், எழும்பினேன்.

“அடுப்பில பால வச்சிட்டு வந்துட்டேன் சார்.”

பொய்க் கையெழுத்துக்குப் பயந்து எழும்பியவள் பொய் சொல்லிவிட்டுத்தான் எழும்பினேன். கேட் தாண்டிய பிறகு எனக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நேரே கோயிலுக்குப் போனேன். நானாவிடம் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லிப் பழக வேண்டும் போலிருந்தது. உச்சிப் பூசை முடிந்து ஐயா நடை சாத்தப் போகிற நேரம். அவருக்கு வயதாகிவிட்டது, பூசை மட்டும் அவர்தான். தன் கையால் தட்டி முதல் பாட்டைப் போட்ட கதையை அவரும் சனத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவருக்கும் நான் துரோகம் செய்தவள்தானே. பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓம் பிள்ளை, தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“அண்டைக்கு அந்தச் சாமான் என்ரை கையிலை செத்துப்போய்க் கிடந்தது. மணியடிக்க முதல் தட்டித் தட்டிப் பாத்தன், ஒண்டும் பாடேல்லை. திரைக்குக் கீழ பாத்தன், உம்மடை கால். சரி, பிள்ளை ஏதோ வழி வச்சிருக்குது எண்டு மணியை அடிச்சிட்டுச் சும்மா தட்டுற மாதிரித் தட்டினன்.”

“பிறகு ஏன் ஐயா எல்லாரிட்டயும் முதல் தட்டிலயே பாடினதுன்னு சொன்னீங்க?”

“அந்த மனுசன் நோன்போடை வந்து வயர் இழுத்தவர். அவரும் நிக்கேக்கை கேக்கிறாங்கள். அவரின்ரை முகத்தைப் பாத்து வேறை என்னத்தைச் சொல்லுறது?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனால் அது வாய்ப்பேச்சு. கடதாசியிலை சத்தியம் வைக்கிறது வேறை. நீர் அதைச் செய்யாதையும்” என்றார்.

விபூதி மடித்துக் கையில் தந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். பொட்டலத்தில் அச்செழுத்து தெரிந்தது. போன வருடத் திருவிழா நோட்டீஸ். அந்தக் கோயிலில் மிஞ்சிய நோட்டீஸ் எல்லாம் நாலாக வெட்டப்பட்டு விபூதி மடிக்கத்தான் போகும். எனக்கு அப்படியே கால் நின்றுவிட்டது.

நோட்டீஸ். விழாவுக்குப் பத்து நாள் முன்னாலேயே அடித்து, பஸ் நிலையத்தில் கொடுத்து, கடை கடையாய் ஒட்டிய நோட்டீஸ். அதில் என்ன எழுதியிருந்தோம்? மற்றவர்களின் பழைய கடதாசியைத் தோண்டித் தின்கிறவள் நான், என் கையால் எழுதிய கடதாசி மூளைக்கு வரவேயில்லை. மனம் முழுக்க அந்தப் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது.

“ஐயா, அந்தப் பாட்டு விழா நோட்டீஸ் ஒண்ணாவது இருக்குமா?”

“எல்லாம் திருநீறோடை போய்ட்டுது பிள்ளை.” ஐயா யோசித்தார். “ஒண்டு அலுவலக அலுமாரிக் கதவிலை ஒட்டினது. கரப்பான் தின்னாமல் விட்டிருந்தால் கிடக்கும்.”

அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் கலண்டர் மேல் கலண்டராக ஒட்டியிருந்தது. ஐயா ஈரத்துணியால் நனைத்துக் கொடுக்க, நான் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தேன். கடைசியில் மஞ்சள் கடதாசி, சிவப்பு எழுத்து. ஒரு மூலை போயிருந்தது. மேலே எங்கள் விழாத் தேதியும், அடியில் அச்சகத்தின் பெயரும், நடுவில் இந்த வரிகளும்:

‘ஐயா அவர்களின் கையிலுள்ள சிறு கருவி பாடலைச் சுமப்பதில்லை. அது கம்பியில்லாமல் கட்டளை மட்டுமே இடும். மண்டபத்திலுள்ள கணினி அலுவலகக் கணினியிலிருந்து பாடலைத் தானே எடுத்து ஒலிக்கும். ஆகவே ஐயா அவர்கள் பூசையின் பொருட்டுக் கைக்கருவியை அணைத்து வைப்பினும் பாடல் நிற்காது என்பதை அடியார்களுக்கு அறியத்தருகின்றோம்.’

ஞாபகம் வந்தது. சபைத் தலைவர், “ஐயா தீபம் காட்டப் போறப்ப அந்தச் சாமான் நின்னு போச்சுன்னா பாட்டும் நின்னுடாதா? சனம் கேக்கும், விளக்கமா எழுதுங்க” என்று நச்சரித்தார். நானா தன் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். நான் அதை நோட்டீஸ் தமிழுக்கு மாற்றினேன். அவ்வளவுதான் நடந்தது.

நாலாவது கால் அலுமாரிக் கதவில் கலண்டருக்கு அடியில் இருந்திருக்கிறது. நான் ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கப் போய், அவர் ஆசாரம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன்.

ஆனால் இதற்கும் ஒரு சத்தியக்கடதாசி வேண்டும். நோட்டீஸ் விழாவுக்கு முன்னால் ஊரில் கொடுபட்டது என்று சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் நிச்சயம் கேட்கும், விழா அன்று சாமான் ஓடியதா என்று. ஓடவில்லை என்பதை நானே முதலில் எழுதிவிட வேண்டும். அப்படி எழுதுவதற்கு முன்னால் அக்குறணைக்குப் போக வேண்டும். தப்ப வழியில்லை.

பட்டறையில் ஏழு பேரில் நாலு பேர்தான் இருந்தார்கள், வேலை குறைவு. மடுல்கெல்லைப் பெண்களில் ஒருத்தி எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நானாவை வெளியே மாமரத்தடிக்குக் கூப்பிட்டு, நின்றபடியே சொன்னேன்.

“மொத தட்டுல பாடல்லயா?”

“இல்லீங்க நானா.”

“நீங்கதான் பொத்தான அமத்தினீங்க.”

“ஆமா.”

“ஐயாக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“எனக்கு மட்டும்தான் தெரியாது.” அவர் பட்டறைப் பக்கம் பார்த்தார். “நான் இந்தப் புள்ளயலுக்கு எல்லாம் செல்லி ஈக்கேன் தங்கச்சி. மொத நாளே பாடிச்சி, அந்த மாதிரி வேல செய்யோணும்னு. பதினஞ்சு வருஷமா என்னப் பைத்தியக்காரனாக்கித்தானே வச்சீக்கீங்க.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. அழுதேன். அதையும் பார்க்கவில்லை. கடைசியில் நோட்டீஸை எடுத்து நீட்டினேன். வாங்கி வாசித்தார்.

“இது என்னத்துக்கு?”

“இதுதான் அந்தப் பேட்டன்ட உடைக்கும். இந்த நாலு வரியும் நீங்க எழுதினது. தேதிக்கு முந்தி எழுதினது. இதுல பொய் ஒண்ணும் இல்ல. எப்பிடிச் செய்றதுன்னு சரியா இருக்கு. பிறகு அந்த மாதிரியேதான் ஓடவும் செஞ்சிச்சு.”

அவர் நோட்டீஸை இன்னொரு தரம் வாசித்தார். “என்ட தமிழ மாத்தீக்கீங்க” என்று மட்டும் சொன்னார்.

எல்லாவற்றையும் எழுதினேன். சீடி பிளேயர், பொத்தான், போட்டோவிலுள்ள கால், ஒன்றையும் விடவில்லை. வக்கீல் முழுவதையும் வாசித்தார். பிறகு, நீங்கள் இதை மறைத்து எழுதி, போட்டோவிலுள்ள காலை எதிர்ப்பக்கம் கண்டிருந்தால் நோட்டீஸையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள் என்றார். மகியாவை நீதவான் முத்திரையைக் குத்தும்போது, “பால் பொங்கிட்டுதாம்மா?” என்று கேட்டார். ஐயாவும் தன் பங்குக்குத் தனியாக ஒன்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

விசாரணை கேமரா வழியாக நடந்தது. என் வீட்டு மேசையில் நான், பக்கத்தில் கேமராவுக்குத் தெரியாமல் நானா. அந்தக் கம்பெனியின் வக்கீல் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அப்படியானால் அன்று நடந்தது ஒரு ஏமாற்று?”

“ஆமாம்.”

“கருவி வேலை செய்யவில்லை?”

“அன்று வேலை செய்யவில்லை.”

“ஏமாற்றியது நீங்கள்?”

“நான்தான்.”

ஒவ்வொரு ஆமாமுக்கும் பக்கத்தில் நானா கதிரையில் அசைவது கேட்டது. எதிர் வக்கீல் திருப்தியாகக் கடதாசிகளை அடுக்கி வைத்தார். எங்கள் வக்கீல் நோட்டீஸின் மொழிபெயர்ப்பை மட்டும் மெதுவாக வாசித்தார். ‘பாடல் நிற்காது என்பதை அடியார்களுக்கு அறியத்தருகின்றோம்’ என்பது அந்த ஊர்ப் பாஷையில் கேட்க விசித்திரமாக இருந்தது. விசாரணைக் குழு இடைவேளை விட்டது. அந்த இடைவேளையில் நான் வீட்டுக்குள் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. திரும்பி வந்து சொன்னார்கள்: அந்த நோட்டீஸையும் மற்ற மூன்று கட்டுரைகளையும் சேர்த்துப் பார்த்தால் இதில் புதிதாக ஒன்றுமில்லை, பேட்டன்ட் ரத்து.

நான் கத்திவிட்டேன். நானா எழும்பி, தொப்பியைச் சரி செய்துகொண்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். கண் கலங்கியிருந்தது. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் பட்டறைக்குக் கூப்பிட்டார். ஆர்டர்கள் திரும்ப வந்திருந்தன. ஏழு பேரும் இருந்தார்கள், புதிதாக இன்னும் ஒருத்தியும். சுவரில் நோட்டீஸின் பிரதி கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எனக்குத் தேத்தண்ணீர் வந்தது. யாரும் பழைய கதை சொல்லவில்லை.

புதுப் பெட்டி ஒன்றைக் காட்டினார். நான் அதற்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் நாலடி தள்ளிப் போய் ஃபோனை எடுத்துத் தட்டினார். பாட்டு வந்தது, முதல் தட்டிலேயே.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. திரும்பி என் இரண்டு கையையும் பார்த்தார்.